கவ்ரீல் ருசி பார்க்காத பனிக்கட்டி

சைபீரியாவில், வெர்கோயான்ஸ்க் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய் கிடையாது. போட்டாலும் குளிர்காலத்தில் வெடித்துவிடும். நவம்பரில் ஏரியை ரம்பத்தால் அறுத்து, கட்டிகளை முற்றத்தில் அடுக்கிக்கொள்வோம். மே மாதம் வரை அதை உருக்கித்தான் குடிக்க வேண்டும்.

எங்கே அறுப்பது என்று சொல்பவர் கவ்ரீல். சம்பளம் இல்லாத வேலை, மரியாதை மட்டும் உண்டு. ஒரு சில்லைப் பெயர்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக் கரைய விடுவார். அதுவரை தெருவே ரம்பத்தோடு காத்திருக்கும். தேவாலயத்தில்கூட நாங்கள் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

அந்த ஆண்டு அவர் நகரத்துக்குப் போய்ப் பொய்ப்பல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். குளிர் பட்டால் அது ஈறை அழுத்தி வலித்தது. ஊர் பார்க்கப் பல்லைக் கழற்றவும் மனம் வரவில்லை. பாதி திரும்பி நின்று சில்லைக் கையுறைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணை மட்டும் வழக்கம்போல மூடினார்.

"எப்படிண்ணே?" என்றான் பக்கத்து வீட்டு செவஸ்தியான்.

"தேன்யா. அறு."

கோடை மழையில் மாட்டுக்கொட்டில் கழிவு ஏரியின் அந்தப் பக்கம்தான் இறங்கியிருந்தது. நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். கண்ணுக்கு அது நீலக் கண்ணாடி மாதிரி அழகாக இருந்தது. நாற்றமெல்லாம் கொதிக்கும்போதுதான் வெளியே வரும்.

வந்தது. கவ்ரீலின் மனைவி அக்குலீனா கோப்பையை முகர்ந்து பார்த்தாள். "என்னங்க, இது டீயா, கொட்டிலா?"

"கொஞ்சம் பால் ஊத்து."

"ஊத்தியாச்சு. இப்ப மாடே முழுசா வந்து நிக்கற மாதிரி இருக்கு."

தெரு முழுக்க இதைத்தான் குடிக்கிறது என்ற நினைப்பு கவ்ரீலை வெளியே தலைநிமிர்ந்து நடக்க விடவில்லை. ஒருவராவது திட்டியிருந்தால் ஆறியிருக்கும். எல்லோரும் முன்னைவிடப் பணிவாக வணக்கம் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் இனி ஏரியில் அவருக்கு இடமில்லை. சொல்லாவிட்டால் தூக்கம் இல்லை. ஜனவரியில், மூச்சு விட்டால் முகத்திலேயே உறையும் ஒரு நாளில், செவஸ்தியான் வீட்டுக் கதவைத் தட்டினார்.

செவஸ்தியானின் மனைவி உஸ்தீனியா டீ கொடுத்தாள். ஒப்புக்கொள்ளத் தொண்டையைச் செருமியவர், ஒரு வாய் குடித்ததும் நிறுத்தினார். நாற்றமே இல்லை.

"இது எந்தக் கட்டி?"

"நீங்க காட்டினதுதாண்ணே," என்றான் செவஸ்தியான்.

"முத்தத்துல அடுக்கினதுல ஒண்ணுகூடக் குறையலையேப்பா."

உஸ்தீனியா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாங்க கொஞ்சமாத்தான் குடிப்போம்," என்றாள்.

கவ்ரீல் பல்லைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பல் இல்லாத வாயால் குழறினார்: "இதுனாலதான்யா. அன்னைக்கு நான் வாயில வைக்கவே இல்ல."

"தெரியும்ணே. கண்ணை மூடினீங்க, தாடை அசையல."

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"பக்கத்துலதானே நின்னோம்."

"அப்புறம் ஏன்யா அறுத்தீங்க?"

செவஸ்தியானுக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்க சொன்னீங்களேண்ணே."

கவ்ரீல் பல்லை எடுத்து மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. கணவனும் மனைவியும் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் உறைபனியைத் தவிர எதுவும் இல்லை.

பிறகு செவஸ்தியான், ஏரியின் மறுபக்கத்தில் இரவோடு இரவாக அறுத்துவந்து கொல்லையில் மறைத்து வைத்திருந்த நல்ல கட்டிகளில் சிலவற்றைச் சறுக்குவண்டியில் ஏற்றினான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று கவ்ரீலுக்குத் தோன்றியது. வண்டியைத் தெருவழியாக இழுத்துக்கொண்டு போனார். எதிரே வந்த எல்லோரும் நின்று வணக்கம் சொன்னார்கள். வண்டியை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.