தணற்சட்டி இருந்த அறை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் கையொப்பம் போடுவதற்கு மட்டுந்தான். எங்கே சின்ன 'ர' வரும், எங்கே பெரிய 'ற' வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. கொண்டாட்டங்களில் இந்தக் கதையை மற்றவர்கள் சிரிப்பாகச் சொல்லும்போது நான் என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. எங்கள் மகள் பிறந்த அந்தக் குளிர்காலத்தில், வீட்டில் இருந்த மூன்று பெரிய ஆட்களும் சேர்ந்து, அவளில் உயிரையே வைத்துக்கொண்டு, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தோம்.

அப்போது நாங்கள் லண்டனில் பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு படுக்கையறை, ஒரு சின்ன முன்னறை, ஒரு குசினி. கீழ்மாடியில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணை தனியாக இருந்தார். எனக்கு மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர்ச் சேமிப்புக் கிடங்கில் வேலை. கலியாணம் முடித்துப் பல வருடங்கள் பிள்ளை இல்லாமல் இருந்து, எனக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கிய பிறகு பிறந்தவள் இவள். வைத்தியசாலையில் இருந்து அவளைக் கொண்டுவந்த அன்று, படியில் கால் வழுக்கிவிடுமோ என்று பயந்து ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன்.

மனைவியின் அக்கா லண்டனின் மறுபக்கத்தில் இருக்கும் ரெய்னர்ஸ் லேனில் இருந்து வந்து எங்களோடு தங்கினார். அவரை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். பெரிய பை ஒன்றில் சரக்குத்தூள், ஓமம், சாம்பிராணி, உள்ளி என்று பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே சட்டம் சொல்லிவிட்டார்.

"தம்பி, இவள் இப்ப பச்சை உடம்புக்காரி. ஒரு துளி குளிர் படக்கூடாது. குளிர் ஏறிச்சுதெண்டால் சன்னி வந்திடும். பிறகு டொக்டரும் ஒண்டும் செய்ய ஏலாது."

"ஓம் மச்சாள்" என்றேன். அவர் சொல்வதற்கு நான் வேறு எதுவும் சொன்னதில்லை.

அன்று பின்னேரமே பனி கொட்டத் தொடங்கியது. லண்டனில் பனி வந்தால் வழக்கமாக ஒரு நாளில் கரைந்து சேறாகிவிடும். இது அப்படி இல்லை. விடிந்து பார்த்தபோது தெருவில் நின்ற கார்களுக்கு நிறமே இல்லை. பஸ் ஓடவில்லை. கிடங்கில் இருந்து வரவேண்டாம் என்று தகவல் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடமும் பூட்டு. தெருவில் ஒரு சத்தமும் கிடையாது. அவ்வளவு அமைதியை அந்தத் தெருவில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று காலையிலேயே வீட்டைச் சூடாக்கும் பொயிலரும் நின்றுவிட்டது. வெளிச்சுவரில் இருந்த குழாய் உறைந்துவிட்டதாம். வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தால், "பனி கொஞ்சம் குறையட்டும், ஆள் அனுப்புறன்" என்றார். எங்களிடம் ஒரு சின்ன மின்சார ஹீற்றர் இருந்தது. அதைத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலோடு சேர்த்துப் போட்டால் பியூஸ் போய்விடும்.

மச்சாள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. படுக்கையறை யன்னலுக்குப் பொலித்தீன் விரித்து நாலு பக்கமும் அகல ரேப் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். கதவுக்குக் கீழ் இருந்த இடைவெளியில் நான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைச் சுருட்டி அடைத்தார். புகை அலாரத்துக்கு நாங்கள் முன்னமே பொலித்தீன் பை கட்டியிருந்தோம். மிளகாய் வறுக்கும்போதெல்லாம் அது கத்தும். எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் அப்படி ஒரு பை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையைக் குளிக்கவார்த்ததும் சாம்பிராணிப் புகை பிடிக்கவேண்டும். தாய்க்கும் தலைமயிரைக் காயவைக்கப் புகை வேண்டும். கோடையில் இறைச்சி சுட வாங்கிய கரி பின்வளவுக் கொட்டிலில் ஒரு பை கிடந்தது. நான் பழைய அலுமினியச் சட்டியில் கரியைப் போட்டு, பனிக்குள் நின்று பற்றவைத்து, புகை அடங்கித் தணலாகச் சிவந்த பிறகு மேலே கொண்டுபோனேன். மச்சாள் சாம்பிராணியைத் தூவிப் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திப் புகைக்கு மேலாக அங்கும் இங்கும் காட்டினார். அறை முழுக்க நல்ல வாசம்.

முடிந்ததும் சட்டியை வெளியில் கொண்டுபோய்க் கொட்ட எடுத்தேன். மச்சாள் மறித்தார்.

"எங்க கொண்டுபோறீர்? இவ்வளவு நல்ல தணலை ஆரும் பனிக்குள்ள கொட்டுவினமே? கட்டிலுக்குப் பக்கத்தில வையும். அம்மா எங்கள் எல்லாரையும் இப்பிடித்தான் வளர்த்தவ."

வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அறை இதமாகிவிட்டது. மனைவி போர்வையை விலக்கிக்கொண்டு, "இஞ்சருங்கோ, இப்பதான் எனக்குக் கால் விரல் இருக்கிறது தெரியுது" என்று சிரித்தாள். நாங்கள் மூவரும் அந்த அறையிலேயே இருந்து சாப்பிட்டோம். சரக்குக் கறியும் சோறும். வெளியில் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே தணல் சத்தமில்லாமல் சிவந்துகொண்டு இருந்தது. குறைந்தால் நான் போய் வேறு தணல் கொண்டுவந்தேன்.

அன்று பின்னேரமே எனக்குத் தலை கனத்தது. மனைவிக்கும் தலையிடி. நித்திரை இல்லாததால் வந்தது என்று நினைத்தோம். பிள்ளை மட்டும் நன்றாக நித்திரை கொண்டாள். முதல் நாட்களில் வீடே அதிர அழுதவள், இப்போது சிணுங்குவதுகூட இல்லை.

"லண்டனில பிறந்த பிள்ளையெல்லோ" என்றார் மச்சாள். "அக்கம் பக்கத்துக்குத் தொந்தரவு குடுக்காது."

நாங்கள் சிரித்தோம். 

அடுத்த நாள் கீழ்மாடி அண்ணை காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் பாலும் கொண்டுவந்து தந்தார். பிள்ளையை எட்டிப் பார்த்து, "மாதாவே, என்ன வடிவான பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு மனைவி பால் கொடுக்கப் பார்த்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாலும் கண் திறந்து மூடினாளே தவிர உறிஞ்சவில்லை. அப்போதே மனைவி குளியலறைக்கு ஓடிப்போய், சாப்பிட்டதெல்லாம் வரச் சத்தி எடுத்தாள்.

மச்சாள் என்னைப் பார்த்தார். "நாவூறு" என்றார். "அந்தாள் நல்ல மனுசன்தான். ஆனால் பிள்ளையை வடிவெண்டு வாய் வைச்சிட்டுது."

செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தாயையும் பிள்ளையையும் சுற்றித் தணலில் போட்டார். மிளகாய் கருகியும் பெரிதாக நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் நாவூறு கடுமை என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. மச்சாளின் முகம் இருண்டுவிட்டது. "இன்னும் தணல் வேணும், தம்பி. நிறைய வேணும்" என்றார். நான் பின்வளவுக்கு ஓடினேன். பிள்ளைக்கு உடம்பு வருத்தம் கூடக் கூட நாங்கள் தணலைக் கூட்டினோம்.

அந்தப் பின்னேரம் கடைக்குப் போனேன். முழங்கால் அளவு பனிக்குள் மெல்ல நடந்து, தெருமுனைக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். தலையிடி போய்விட்டது. கண் தெளிவாக இருந்தது. திரும்பி வந்து படி ஏறி, அறைக்குள் போய் இருந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் சுத்தியலால் அடிப்பதுபோல இருந்தது. அதை மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். மச்சாளின் காதில் விழுந்துவிட்டது.

"ஆம்பிளையளுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் எல்லா வருத்தமும் மாறும்" என்றார். சொல்லிவிட்டு அவரும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. பிள்ளையைப் பார்க்க வரவேண்டிய மருத்துவிச்சி. வெள்ளைக்காரப் பெண். பனியால் வர முடியவில்லை, போனிலேயே விசாரிக்கிறேன் என்றார். மனைவிதான் வழக்கமாக இங்கிலீசில் கதைப்பாள். அன்று அவளால் எழும்ப முடியவில்லை. போனை என்னிடம் நீட்டினாள்.  கிடங்கில் நான் பேசுகிற இங்கிலீஸ் 'யெஸ் போஸ்', 'நோ போஸ்' அளவுதான்.

பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டார். இல்லை, நித்திரை என்றேன். எழுப்பினால்? எழும்பவில்லை என்றேன். தாய்? தலையிடி, சத்தி. நீங்கள்? எனக்கும் தலையிடி. தெரிந்த சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி, வெளியில் போனால் தலையிடி முடிகிறது, உள்ளே வந்தால் தொடங்குகிறது என்றும் சொன்னேன்.

  வீட்டை எப்படிச் சூடாக்குகிறீர்கள் என்று அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார். நெருப்பு என்றேன். கரி, சட்டியில், அறைக்குள்ளே.

அதற்குப் பிறகு அவர் சத்தம் போட்டார். அவ்வளவு சத்தம் போட்டும் அதில் கோபம் இல்லை, பயந்தான் இருந்தது. யன்னலைத் திற. எல்லாரையும் வெளியே கொண்டுபோ. இப்போதே. பிள்ளையை முதலில் எடு. நான் அம்புலன்ஸ் அனுப்புகிறேன்.

நான் போய் யன்னல் ரேப்பைப் பிடித்து இழுத்தேன். தரையில் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த மச்சாள் என் கையைப் பாய்ந்து பிடித்துவிட்டார்.

"உமக்கென்ன விசரே? பச்சை உடம்புக்காரி கிடக்கிறாள்!"

"மச்சாள், அந்த நர்ஸ் திறக்கச் சொல்லுறா. வெளியில போகவும் சொல்லுறா."

"பனிக்குள்ளயோ? பிறந்து ஒரு கிழமை ஆகாத பிள்ளையையோ? வெள்ளைக்காரிக்குச் சன்னியைப் பற்றி என்ன தெரியும்? என்ர தங்கச்சியை நீர் சாக்காட்டப் போறீர்!"

என் கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. என் வாழ்க்கையில் நான் அவரை எதிர்த்துக் கதைத்தது அந்த ஒரு தடவைதான். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்பது மட்டும் தெரியும். பொலித்தீன் கிழிந்து யன்னல் திறந்தது. குளிர் காற்று கத்திபோல உள்ளே வந்தது. மச்சாள் யன்னலைச் சாத்த எழும்பினார். எழும்பியவரின் முழங்கால் மடிந்து, சட்டிக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே விழுந்தார். கண் திறந்திருந்தது. உதடு செர்ரிப்பழ நிறத்தில் இருந்தது.

பிள்ளையை என் ஜக்கெற்றுக்குள் வைத்து ஜிப்பை மேலே இழுத்தேன். மனைவியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு படி இறங்கினேன். கீழ்மாடி அண்ணையின் கதவைக் காலால் உதைத்தேன்.

"என்ன தம்பி, என்ன நடந்தது?"

"அண்ணை, மேல மச்சாள் விழுந்து கிடக்கிறா. மேல காத்து நஞ்சு. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஓடினார். மச்சாளை இரண்டு கமக்கட்டிலும் பிடித்துப் படியால் இழுத்து இறக்கினார். இரண்டு பேரும் பனிக்குள் விழுந்து கிடந்து இருமினார்கள்.

நான் தெருவில் நின்றேன். ஜக்கெற்றுக்குள் பிள்ளை அசையவில்லை. கழுத்துப் பக்கம் விலக்கி மூக்கில் பனிக்காற்றுப் படவிட்டேன். மனைவி என் தோளில் சாய்ந்து நின்று, "அழச் சொல்லுங்கோ, அவளை அழச் சொல்லுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளின் வெறுங்கால் பனிக்குள் புதைந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. தெரு வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. அம்புலன்ஸ் வரும் அறிகுறி எதுவும் இல்லை. நான் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினேன். மறுபடியும் சுண்டினேன். நெஞ்சில் ஒரு சின்னத் துடிப்பு. பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அமைதி. மறுபடி அந்தச் சத்தம்.

கடைசியில் அம்புலன்ஸ் வந்துசேர்ந்தது. வைத்தியசாலையில் எல்லாருக்கும் ஒட்சிசன் மாஸ்க் போட்டார்கள். பிள்ளையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை வந்து என் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாள்.

"அங்கிள், கார்பன் மொனொக்சைட் எண்ட காஸ் அது, ஸ்மெல் இல்லை. கண்ணுக்கும் தெரியாது. தணல் இருந்தாலே அந்த காஸ் வரும். ஊர்ல வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவுல கேப் இருக்குமாம், அதால வெளிய போயிடும் எண்டு அம்மா சொன்னவ. இஞ்ச நீங்க எல்லாத்தையும் சீல் பண்ணிட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..."  

பக்கத்துக் கட்டிலில் மச்சாள் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"தம்பி, நான் உம்மை அடிச்சனானே?"

"இல்லை மச்சாள்."

"அடிச்சனான். எனக்குத் தெரியும்." என் பக்கம் திரும்பினார். "பிள்ளையைக் காட்டமாட்டினமாமே? போய்க் கேளும். எனக்குப் பயமாக்கிடக்கு."

நான் போய்க் கேட்டேன். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். மூளையில் ஏதும் பாதிப்பு இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். அந்தச் சொல்லோடுதான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதன் பிறகு வருடக்கணக்காக நான் அவளைக் கண்காணித்தேன். தலை நிற்கிறதா, தவழ்கிறாளா, சிரித்தால் திருப்பிச் சிரிக்கிறாளா. மற்றப் பிள்ளைகள் பேசத் தொடங்கியபோது அவள் பேசவில்லை. அந்த மாதங்களில் வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. மச்சாள் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார், "ஏதும் கதைச்சவளே?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள் அவளாகவே, "அப்பா, வேண்டாம்" என்றாள். நான் வாயில் சோறு தீத்தியபோது. அதைப் போனில் சொன்னபோது மச்சாள் அழுத சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் விட அதிகம் கதைக்கிறாளாம். ரீச்சர் முறைப்பாடு சொல்கிறார். போன கிழமை மறுபடியும் பனி விழுந்தது. கொஞ்சந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சோபாவிலேயே நித்திரையாகிவிட்டாள். நான் போய் யன்னலைத் திறந்துவிட்டு, அவளின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திறக்காமல், "அப்பா, ஐ ஆம் பிரீதிங். கோல்டா இருக்கு, குளோஸ் பண்ணுங்கோ" என்றாள்.

நான் சாத்தவில்லை. போர்வை கொண்டுவந்து போட்டேன். அந்த மூன்று நாளும் அந்த அறையில் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மட்டும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அறை இதமாக இருந்தது, பிள்ளை அழாமல் படுத்திருந்தாள், எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். இப்போதும் வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிற நேரத்தில்தான் எனக்குப் பயம் வருகிறது. எழும்பிப் போய் யன்னலைத் திறக்கிறேன்.

எழுதி முடித்தது: மாசி மாதம் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.