தறிக்குழியில் தண்ணீர்

மழை நின்று நான்கு நாள் ஆகியும் நெய்யும்போது கால் இறக்கி உட்காரும் எங்கள் தறிக்குழியில் தண்ணீர் வடியவில்லை. செவிலிமேட்டில் பாலாற்றை ஒட்டிய மண் அப்படி. மேலே வெயில் காயும், கீழே ஊறிக்கொண்டே இருக்கும். வீட்டில் அத்தையும் எட்டு வயது நானும்தான். விடிந்தது முதல் அத்தை சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவாள். குழி சளைக்காமல் நிரப்பிக்கொள்ளும். யாருக்கு வீம்பு அதிகம் என்று சொல்ல முடியாது.

அன்றுதான் பட்டணத்துக் கல்லூரியிலிருந்து ஒருவர் அச்சடித்த தாள்களோடு வந்தார். வெள்ளத்தில் கிராமத்து ஜனங்கள் படும் பாட்டை ஆராய்கிறாராம். நிலம் உண்டா? இல்லை. மாடு செத்ததா? மாடே இல்லை. சுவர் இடிந்ததா? இடியவில்லை. பாதிப்பு இல்லை என்று எழுதப் போனார்.

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள்.

"இன்னாப்பா எழுதிக்கினு இருக்கற? தறி நின்னு பத்து நாளாவுது. காலை எங்க வெச்சு நெய்யறது?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லீங்கம்மா."

"ஸ்கேல் வெச்சினு இருக்கியே, போட்டுக்கோ. குழியில எறங்கி ஒக்காந்து பாரு. அப்பால எழுது, பாதிப்பு இல்லன்னு."

அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை; உட்காரும் பலகையைத் துடைத்துக் காட்டினாள். பாவம், புது பெல்பாட்டத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை தண்ணீர். முகத்துக்கு எதிரே, தறியில் ஈரம் குடித்துத் தொய்ந்த பாவு நூல். அப்படியே உட்கார்ந்து, தாளின் ஓரத்தில் கோடு இழுத்து எழுதினார். அத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே மேலே ஏற விட்டாள்.

ஏறியவருக்கு இன்னும் ஒரு கேள்வி மீதி இருந்தது. அத்தையைக் கேட்கத் துணிவில்லையோ என்னவோ, என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வேளை சாப்பிடறீங்க, பாப்பா?"

வெளியாள் யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அத்தை பழக்கியது. அந்த வாரம் நாளுக்கு ஒரு வேளைக் கஞ்சிதான்.

"மூணு வேளை," என்றேன், தலையை நிமிர்த்தி. போதாதென்று, "வடைகூட."

மூன்று என்று எழுதிக்கொண்டார். அதற்குக் கட்டம் இருந்தது.

அவர் தெருமுனை திரும்பும்வரை அத்தை சொம்பைத் தொடவில்லை. கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். பசி என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு குனிந்து மொள்ளத் தொடங்கினாள். அவளைப் போலவே நானும் விட்டுக்கொடுக்காமல் நின்றுவிட்ட பெருமையில், சபாஷ் சொல்வாள் என்று பக்கத்திலேயே காத்திருந்தேன்.