குறிஞ்சிப்பாடியில் மழையா?

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த அந்தச் சித்திரையில், ஒரு வாரம் முழுக்க சிதம்பரத்து வானத்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மேற்கே கறுத்துக்கொண்டு வரும். காற்று கிளம்பித் தெருப் புழுதியை எல்லாம் கூடத்தில் கொண்டுவந்து கொட்டும். ஒரு நாள் நாலு தூறலோடு போய்விடும். மறுநாள் சாக்கடை ரோட்டுக்கு ஏறும் வரை அடிக்கும். அதற்கடுத்த நாள் நன்றாக மிரட்டிவிட்டு, அம்மா கொடித் துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், சூரியன் ஒன்றுமே நடக்காதது போல எட்டிப் பார்க்கும். "பாழாப்போன வெயிலு" என்று திட்டிக்கொண்டே அம்மா ஈரத் துணியை மறுபடி மாடிக்குத் தூக்குவாள்.

கல்யாணம் அடுத்த வாரம். மாப்பிள்ளைக்குக் கடலூர். வீட்டு வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கீற்றுப் பந்தலும் போட்டாயிற்று. அப்பாவின் கவலையெல்லாம் மழையைப் பற்றித்தான் என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையான கவலை குறிஞ்சிப்பாடியில் இருந்தது. அங்கேதான் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, மல்லாட்டை வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததில்லை. அந்தத் தாய்மாமனோடு அப்பா பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு மொட்டை மாடி. மாமா புது வீடு கட்டிக் குடி போன அன்று, வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாட்டம் சரியில்ல. தண்ணி தேங்கும்" என்றார். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் சாயங்காலமே ஒரு மழை பெய்து, அப்பா கை காட்டிய அதே மூலையில் தண்ணீர் குளமாக நின்றது. அப்பா சொன்னது தப்பாகப் போயிருந்தால் மாமா மன்னித்திருப்பார். சரியாகப் போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அப்பாவும் சும்மா இருக்காமல், "நான் அப்பவே சொன்னன்ல" என்றார். பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

இதில் மாட்டிக்கொண்டது அம்மா. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்தத் தம்பி வீடு ஒன்றுதான். அப்பா போக வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் புருஷனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லாதபோது எந்த முகத்தோடு போய் அங்கே உட்காருவது என்று அவளே நின்றுவிட்டாள். அதைப் பற்றி எங்களிடம் எதுவும் பேச மாட்டாள். அடுப்படியில் பாத்திரங்களிடம் பேசுவாள்.

பத்திரிகை அடித்து வந்ததும் எல்லாச் சொந்தத்துக்கும் கொடுத்தாயிற்று. தாய்மாமனுக்கு மட்டும் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போய், அவர் வீட்டில் வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரிகை சாமி அலமாரியில் அப்படியே கிடந்தது. "தபால்ல போட்டுடலாமா" என்று அப்பா ஒரு நாள் கேட்டார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் தபாலைப் பற்றிப் பேசவே இல்லை.

திங்கட்கிழமை பெய்த முதல் மழையில் சுண்ணாம்பு திட்டுத் திட்டாகக் கரைந்ததும், அப்பாவுக்கு ஒரு வழி கிடைத்தது. புதிதாக வாங்கியிருந்த செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செல்போனில் பேசும்போது அப்பாவின் குரல் கீழவீதி வரைக்கும் கேட்கும்.

"ஹலோ, நான்தான். அங்க மழ எப்படி?"

அந்தப் பக்கம் மாமா என்ன பதில் சொன்னாரோ, அப்பா "சரி" என்று வைத்துவிட்டார். உள்ளே வந்து எங்களிடம் விளக்கம் சொன்னார். மேற்கேயிருந்து வரும் மழை குறிஞ்சிப்பாடியைத் தாண்டித்தான் சிதம்பரத்துக்கு வருமாம். அங்கே விசாரித்துக்கொண்டால் இங்கே உஷாராக இருக்கலாமாம். அந்தக் கணக்கு எந்தப் பூகோளப் புத்தகத்திலும் கிடையாது. எங்களுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் இருப்பது கீரப்பாளையம். அங்கே அப்பாவோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் போன் வைத்திருந்தார். அவரிடம் அப்பா ஒரு தடவைகூட மழை விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். புதன்கிழமை காலையில் அவர் செல்போனை எடுப்பதற்கு முன்னாலேயே அது அடித்தது. மாமாதான். "இங்க இருட்டிக்கிட்டு வருது. சொல்லணும்னு தோணுச்சி" என்றாராம். அப்பா உடனே ஒரு பெரிய அதிகாரி போல, "தகவல் வந்துடுச்சி, துணிய எடு" என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டார். அன்றைக்குச் சிதம்பரத்தில் பொட்டு மழை இல்லை. அம்மா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. காய்ந்த துணியை எடுத்து மடித்துவிட்டு, ஈரத் துணியையும் எடுத்து வந்து சிரித்த முகத்தோடு அடுப்படியில் கொடி கட்டிக் காயப்போட்டாள்.

இவர்களை நான் கிண்டல் பண்ணவும் முடியாது. என் லட்சணமும் அப்படித்தான் இருந்தது. மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் கடலூரிலிருந்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். போன் கூடத்தில் இருந்தது. கூடத்தில் அப்பா பேப்பரையும் அம்மா முருங்கைக்கீரையையும் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "அங்க மழையா?" என்பார் அவர். "இப்பதான் விட்டுது. அங்க?" என்பேன். "இங்க கடல் காத்து." "ம்." இப்படியே கால் மணி நேரம் ஓடும். "எவ்ளோ அடக்கமா பேசுது பாரு" என்று அப்பா என்னைப் பாராட்டினார்.

வியாழக்கிழமை அடித்த காற்றில் பந்தல் கீற்று பாதி பறந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அன்று அப்பாவின் போன் கொஞ்சம் நீண்டது. "பந்தல் பிச்சிக்கிச்சி" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் வேணாம். பாத்துக்கலாம்" என்று வைத்தார். "மல்லாட்ட காயப்போடுற தார்ப்பாய் கெடக்குதாம், வேணுமான்னு கேக்கறான்" என்று பேப்பரைப் பார்த்துச் சொன்னார். அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையில் காம்பெல்லாம் சட்டிக்குப் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையும் பையுமாகக் கிளம்பினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா.

"குறிஞ்சிப்பாடி பக்கம் மழ எப்படின்னு நேர்லயே ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

பையில் தாம்பாளம் வட்டமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அலமாரியில் பத்திரிகை இல்லை.

"குங்குமம் எடுத்துக்கிட்டீங்களா?"

"ம், எடுத்துக்கிட்டேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். "நீயும் வா" என்று ஒரு வார்த்தை கூப்பிடுவார் என்று அம்மா வாசல்படி வரை வந்து நின்றாள். கூப்பிடவில்லை. மச்சான் முன்னால் தணிந்து போவதைப் பெண்டாட்டி பார்க்கக் கூடாது என்ற வீறாப்புதான். எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

அப்பா போய் ஒரு மணி நேரம்கூட இருக்காது. நல்ல மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒரு சின்ன லோடு வேன் வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்தது மாமா. பின்னால் தார்ப்பாய் சுருட்டிக் கிடந்தது. புவனகிரி ரோட்டில் எங்கேயோ அப்பாவின் பஸ்ஸும் மாமாவின் வேனும் ஒன்றையொன்று தாண்டித்தான் போயிருக்கும்.

"உள்ள வா தம்பி" என்றாள் அம்மா.

"இல்லக்கா. தார்ப்பாய கட்டிட்டு கெளம்பறேன்." கூப்பிடாத கல்யாண வீட்டுக்குள் காலை வைக்க மாட்டாராம். பந்தலில் நிற்கலாமாம், அது வாசல்தானே. அம்மா காப்பி கொண்டுவந்து நிலைப்படிக்கு உள்ளே நின்று நீட்டினாள். அவர் வெளியே நின்று வாங்கிக் குடித்தார். "எளச்சிட்டியே" என்றாள் அம்மா. மாமாவுக்கு அந்த இரண்டு வருஷத்தில் தொப்பை போட்டிருந்தது.

அவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடிக்கும்போது வீட்டு போன் அடித்தது. அப்பா.

"உங்க மாமா வூட்லதான் இருக்கேன். அவன் எங்கயோ போயிட்டானாம், உங்க அத்தைக்கே தெரியல."

"மாமா இங்கதான்பா இருக்காரு. நம்ம பந்தல்ல."

"போன அவன்கிட்ட குடு" என்றார் அப்பா.

மாமாதான் உள்ளே வர மாட்டாரே. போன் ஒயரை இழுத்து, ரிசீவரை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். அவர் நனைந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அப்பாவின் குரல் உள்ளே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"மச்சான், அங்க மழயா?"

"மழதான் மாமா. அங்க?"

"இங்கயும் மழதான். உன்ன கூப்புடலாம்னு வந்தேன். நீ இல்ல."

"அங்கயே இருங்க மாமா. நான் வந்துடறேன்."

"நீ ஏன் அலையற? அங்க இரு, நான் வந்து தட்ட குடுத்துடறேன்."

"அது எப்படி? என் வூட்ல வச்சிதான கூப்புடணும். பந்தல்ல நிக்க வச்சி பத்திரிகை குடுத்தாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக் கூடாது பாருங்க."

ஆக, வந்த மனுஷர், கூப்பிடுவதற்காக அப்பா போயிருக்கும் இடத்துக்கு, கூப்பிடப்படுவதற்காகத் திரும்பிப் போகக் கிளம்பினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். அவள் அறைக்குள் போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மழையில் விறுவிறுவென்று நடந்துபோய் வேன் கதவைத் திறந்தாள்.

"நீ எங்கக்கா வர?"

"உன்ன கூப்புடத்தான். அவரு மட்டும் தட்ட நீட்டுனா அது என்ன மொற? நவுந்து உக்காரு."

வழி முழுக்க அம்மா கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று மாமா பிற்பாடு சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை அல்லவா. மல்லாட்டை விலையைப் பற்றியே பேசிக்கொண்டு போனாளாம்.

அங்கே நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நின்று தாம்பாளத்தை நீட்ட, மாமா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கினாராம். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா தானாகவே மாடிக்குப் போனாராம். பெய்த மழைக்கு அந்த மூலையில் கணுக்கால் தண்ணீர். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இறங்கி வந்தாராம். "எனக்கு உசுரே வந்துச்சி" என்றார் அத்தை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தார்.

"அம்மா எங்கப்பா?"

"அங்க செம மழ. விட்டதும் வந்துடுவா" என்றார். அவருடைய சட்டை மொடமொடவென்று இருந்தது. குடை கட்டவிழ்க்காமல் கையில் இருந்தது.

அவர் குளிக்கப் போனதும் நான் குறிஞ்சிப்பாடிக்குப் போன் பண்ணினேன். அத்தைதான் எடுத்தார். "மழயா? அதெல்லாம் மத்தியானமே வெளுத்துட்டுதே. அண்ணி மாடியில கால நீட்டி உக்காந்து உங்க மாமாகிட்ட கத பேசிக்கிட்டு இருக்காங்க. கூப்புடவா?" என்றார்.

"வேணாம் அத்த" என்று வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அடுத்த வாரம் நானும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறவள். இந்த வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்க நான் என்னவெல்லாம் காரணம் தேட வேண்டியிருக்குமோ என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷமாக அம்மா ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. மழை என்று அவள் சொல்லியனுப்பிய முதல் பொய்யை அப்பா பஸ்ஸில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். காலையில் அவர் மேல் வந்த கோபமெல்லாம் போய்விட்டது. ராத்திரி இரண்டு பேருக்கும் நான் உப்புமா கிண்டினேன். அப்பா குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் மாமாவின் வேன் வந்து அம்மாவை இறக்கிவிட்டது. அன்று மாமா தயங்காமல் படியேறி உள்ளே வந்தார். அம்மாவின் தலையில் வதங்கிய கனகாம்பரம், வாய் சிவக்க வெற்றிலை, இடுப்பில் ஒரு பை மல்லாட்டை. தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மழ விட்டுதா?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"இப்பதான் விட்டுது" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.