சாக்பீஸ் படாத கோட்டு

கோட்டு தைக்கும் அந்தக் கூடத்தில் ஜன்னலோர மெஷின் ஊசியக்காவுடையது. கையிலிருக்கும் ஊசியைவிட வாய் கூர்மை என்று யாரோ வைத்த பெயர். அவளுக்கு அது பெருமைதான். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. தைத்து முடித்ததைச் சரிபார்க்கும் மாஸ்டர், தப்பு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். ஊசியக்கா தைத்ததில் ஒன்பது வருஷமாக ஒரு கோடு விழுந்ததில்லை.

பக்கத்து மெஷின்காரிக்கோ தினமும் விழும். வந்து நாலு வருஷம் ஆகியும் அவள் பெயர் 'புதுசு'தான். மாஸ்டர் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"துணிய நீங்க இழுக்குறீங்க பாருங்க. விடுங்க, அது தானா போகும். காலர் போன வாரத்துக்கு இப்ப எவ்வளவோ தேவலை."

முதலில் ஊசியக்கா வாய்க்குள் சிரித்தாள். அப்புறம் வயிறெரிந்தது. தனக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்தது, "ம், வைங்க" மட்டும்தான். திட்டுவதற்காவது ஒரு மனுஷர் ஸ்டூல் போட வேண்டாமா?

மாதக் கடைசியில் மாஸ்டர் வேலையை விட்டு மகள் வீட்டோடு போகிறார். அவர் மேசை தனக்குத்தான் என்று ஊசியக்கா உறவு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அது புதுசுக்கு என்று முடிவானது.

"தப்புத்தப்பா தைக்கிறவளுக்குத் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையாம்!" என்று வீட்டில் பொரிந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் வழக்கம்போல உப்பு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தி, குழம்பில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, "அநியாயம்தான்" என்றார்.

மறுநாள் வேண்டுமென்றே ஒரு கோட்டின் இடது கையைக் கோணலாக வைத்துத் தைத்தாள். மாஸ்டருக்குக் கண் அவிந்துவிட்டது என்று ஊருக்குக் காட்டவா, அவரைத் தன் பக்கம் ஸ்டூல் போட வைக்கவா என்பது அவளுக்கே தெரியாது. மாஸ்டர் புரட்டிப் பார்த்தார்.

"ம், வைங்க."

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தவள் அப்படியே நின்றாள். மாஸ்டர் அந்தக் கோட்டை மடியில் போட்டு இடது கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் தைத்த இன்னும் மூன்று. அவற்றிலும் இடது கை பிரிந்து கிடந்தது. அந்த மூன்றில் அவள் வேண்டுமென்று ஒன்றும் செய்திருக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பது வருஷத்துக்கு முந்தி ஒரு தடவை சொன்னேம்மா. எல்லார் முன்னாடியும் கோட்ட என் மேசையில வீசிட்டுப் போனீங்க. ஒரு மாசம் முகங்குடுத்துப் பேசல. எதுக்கு வம்புன்னு நானே பிரிச்சுத் தைக்க ஆரம்பிச்சேன். நல்ல கை உங்களுக்கு. கெடுத்தது நான்தான்."

அன்று வீட்டில் அவள் உப்பு டப்பாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குழம்பைத் தானே ஒரு வாய் ருசி பார்த்தாள்.

ஒன்றாம் தேதி புதுசு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் ஊசியக்காவுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. கோட்டை நீட்டினாள். புதுசு புரட்டினாள், இடது கையில் அவள் விரல் நின்றது. சாக்பீஸ் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"நல்லாருக்குக்கா. வைங்க."

ஊசியக்கா ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலு வருஷமா உனக்குச் சொன்னாரே, அதுல பாதியாவது எனக்குச் சொல்லு. நான் வீசுனா வீசிட்டுப் போறேன், நீ சொல்லு."

புதுசு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கை சேரும் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள். ஊசியக்கா கோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. அடுத்தது எங்க?"