ஏட்டையாவுக்கு ஒரு நாள் ஓய்வு

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. குளிக்கப் போனாலும் போனை பாலித்தீன் பையில் சுற்றிக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் தண்ணீரை மோந்து ஊற்றுவார். சாப்பாடு நின்றுகொண்டே. கல்யாண வீட்டில் கடைசி வரிசையில், வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும். போன் அடித்துவிட்டால் பாதிச் சோற்றோடு ஓடுவார். எங்கே என்று கேட்டால் எரிந்து விழுவார். திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலை வைக்க மறந்த நாளெல்லாம் உண்டு.

போன மாதம் ஸ்டேஷன் படியில் தலைசுற்றிச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். உடன் வேலை பார்ப்பவர்தான் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். இவர் அதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. கேட்டதற்கு, "ஏட்டி, ஒண்ணுமில்ல. வெயிலு" என்றார். இவரோடு வேலை பார்த்த ஒருவர் பந்தோபஸ்தில் நின்றபடியே விழுந்து இறந்தவர். அந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய் வந்தவள் நான். அன்றிலிருந்து ஒரே பாட்டுத்தான் பாடினேன்: டாக்டரிடம் போகணும். வார ஓய்வு என்று ஒன்று வரும், உடனே ஏதாவது பந்தோபஸ்து வந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஒருவழியாக ஓர் ஓய்வு நாள் தப்பிப் பிழைத்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனிலேயே டோக்கன் போட்டுவிட்டு, பைக்கை எடுக்க வைத்து, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பசுவந்தனை சாலையில் இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த மக்காச்சோளக் காடு, வெடித்துக் கிடந்த கரிசல். மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. "போனே வரலையே, டவர் இல்லையோ? பாரு" என்று என்னிடம் கொடுத்தார். டவர் நன்றாகத்தான் இருந்தது. அடிக்காத போனும் இவருக்குத் தொந்தரவு.

கோவில்பட்டிக்குள் நுழையும் முக்கில், சோள மூடை ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் வெடித்துக் குறுக்கே நின்றது. நாலாபக்கமும் ஹாரன். பைக்கை ஓரங்கட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"ஏங்க, வேண்டாம். டூட்டியில உள்ளவிய வருவாவ. நீங்க இரிங்க."

"ரெண்டே நிமிஷம். இந்தா வாரேன்."

சட்டைப் பையில் விசில் இருந்தது. ஓய்வு நாளில், கட்டம் போட்ட சட்டையில், விசில்! எனக்கு வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி வேலிக்கருவைக்குள் எறிந்திருப்பேன்.

ரெண்டு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. டோக்கன் தவறிவிடுமே என்று ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஆட்டோ அவர் பக்கத்தில் வந்ததும் தலையை நீட்டி, "நான் முன்னால போறேன், வந்து சேருங்க" என்றேன். என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்து, விசிலை ஊதி, "நிக்காத, எடு எடு, போய்க்கிட்டே இரு" என்று கையை வீசினார். ஆட்டோவில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த திருப்பத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு நான் தெரியவேயில்லை. அதைவிட, அந்த முகத்தில் வீட்டில் ஒருநாளும் பார்த்திராத நிம்மதி இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் பேரைக் கூப்பிட்டதும் நான்தான் உள்ளே போனேன். "எங்க ஏட்டையா?" என்றார் டாக்டரம்மா. சொல்ல ஆரம்பித்தேன். டிராக்டர், விசில், துட்டி வீடு, ஜன்னலில் போன் எல்லாம் சேர்ந்து கொட்டியது. மூச்சு வாங்கியது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கைய நீட்டுங்கம்மா" என்று பிரஷர் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றினார். பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தார். "கிளியர் பண்ணிட்டேன்" என்று என்னிடம் ஒரே சந்தோஷம். அவருக்கும் பிரஷர் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதல்தான், உப்பைக் குறைத்து ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. பிறகு மாத்திரைச் சீட்டை எழுதி அவரிடம் நீட்டினார்.

"இத நான் தினமும் போடணுமா?"

"உங்களுக்கு இல்ல ஏட்டையா. உங்க வீட்டம்மாவுக்கு."

அவர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. என் கை நெஞ்சுக்குப் போனது. அதை அவர் பார்த்துவிட்டார்.