ஐந்தாம் யூனிட்டின் வெள்ளை ஓரம்

என் கணிதப் புத்தகத்தை மூடி அதன் ஓரத்தைப் பார்த்தாலே என் படிப்பின் லட்சணம் தெரிந்துவிடும். முதல் யூனிட் இருக்கும் பக்கங்கள் கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருக்கும். இரண்டாவது கொஞ்சம் பழுப்பு. நான்காவதும் ஐந்தாவதும் கடையில் வாங்கியபோது இருந்த அதே வெள்ளை.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் நல்ல நாள் பார்த்து, திருநீறு பூசி, தாளில் பிள்ளையார் சுழி போட்டு, முதல் யூனிட்டிலிருந்து ஆரம்பிப்பேன். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போட்ட கணக்கையே திரும்பவும் போட்டு, விடை சரியாக வந்ததும் மனசு குளிர்ந்து டீ குடிக்கப் போவேன். நடுவில் ஊருக்குப் போய்வந்தால், மறந்திருக்குமோ என்று மறுபடி முதலிலிருந்து. இப்படியே பரீட்சை வந்துவிடும், ஐந்தாம் யூனிட் வராது. ரியல் அனாலிசிஸ் தாளில் இரண்டு முறை தேறாமல் போனதற்குக் காரணம் கேள்வித்தாள்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா எங்கள் ஊரான எழுமலையில் விவசாயம் செய்கிறார். இரண்டாவது முறையும் அரியர் என்று போனில் சொன்னபோது அவர் திட்டவில்லை. "இன்னொருவாட்டி எழுதிப் பாரு. அதுலயும் போச்சுன்னா பேசாம வந்துரு. தோட்டத்துல ஆளே கெடைக்கல" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோபமே இல்லாத அந்தக் குரல்தான் என்னைக் கலக்கியது. கணக்கு வாத்தியாராக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

அப்போது கல்லூரிக்காக வில்லாபுரத்தில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். இரண்டு தெரு தள்ளி என் வகுப்புத் தோழன் வீடு. அவன் அப்பா, அம்மா இருவருமே மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அவன் விழுந்து விழுந்து படித்து நான் பார்த்ததில்லை. கிரிக்கெட், சர்ச், டீக்கடை என்று திரிவான், மார்க் மட்டும் வந்து கொட்டும். எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் ஒரு சனிக்கிழமை மாலை வெட்கத்தை விட்டு, ஒரு தேற்றத்தில் சந்தேகம் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன்.

"கொயர் ப்ராக்டிஸ் இருக்கு மாப்ள. கூட வா, முடிச்சுட்டுப் பேசுவோம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

சர்ச்சில் பாடகர் குழுவினர் கிறிஸ்துமஸுக்கான பாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஓசியில் ஒரு கச்சேரி என்ற நினைப்பில் கடைசி பெஞ்சில் வசதியாக உட்கார்ந்தேன். கச்சேரியாவது ஒன்றாவது! கீபோர்டு வாசித்த பெண்மணி பாட்டை முதலிலிருந்து தொடங்கவே இல்லை. பாட்டின் நடுவில் ஒரு வரி. அதில் ஆண் குரல்கள் மேலே ஏற வேண்டும், பெண் குரல்கள் அதே நேரத்தில் கீழே இறங்க வேண்டும். அங்கேதான் இடறியது. இடறிய உடனே அவர் கையைத் தூக்குவார். ஒரு வரி முன்னாலிருந்து மறுபடியும் எடுப்பார்கள். ஆண்கள் மட்டும். பெண்கள் மட்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து. மறுபடி இடறும். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, கூனிக் குறுகவும் இல்லை. வகுப்பில் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயே திறக்காதவன் நான். இத்தனை பேர் கூடி இத்தனை சத்தமாகத் தப்புச் செய்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு திடீரென்று அது சேர்ந்துவிட்டது. ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்த குரல்கள், ஒன்று ஏற ஒன்று இறங்க, கலந்து அந்தக் கூடத்தையே நிறைத்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. என் கண் முன்னாலேயே இல்லாத ஒன்று உண்டாகிவிட்டது. அதை இன்னொரு முறை கேட்கலாம் என்று பார்த்தால், அதோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னடா, பாட்ட ஒருவாட்டிகூட முழுசாப் பாடலையே?"

"தெரிஞ்சதப் பாடுறதுக்கு எதுக்கு மாப்ள ப்ராக்டிஸ்?" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

அவன் போகிற போக்கில்தான் சொன்னான். எனக்கோ என் புத்தகத்தின் கறுத்த ஓரம் கண் முன்னால் வந்து நின்றது. இவ்வளவு நாள் தெரிந்ததையே பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டீக்கடையில் உட்கார்ந்து, அவன் படிப்பதும் இப்படித்தானா என்று கேட்டேன். "பின்ன? புத்தகத்த மூடிட்டு எழுது. கை எங்க நிக்குதோ அங்க மட்டும் தொறந்து பாரு. ஒரு வரி முன்னாடி இருந்து மறுபடி எழுது. அம்புட்டுத்தான்" என்றான்.

அம்புட்டுத்தானாம்! முதல் சில நாட்கள் சித்திரவதையாக இருந்தது. படிக்கிற மாதிரியே தோன்றவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தினமும் எழுதிப் பார்ப்பது போலிருந்தது. ஐந்தாம் யூனிட்டில் ஒரு தேற்றம். அதன் நடுவில் ஒரு படி வரும்போதெல்லாம் கை நின்றுவிடும். திறந்து பார்ப்பேன், மூடுவேன், மறுபடி அதே இடத்தில் நிற்கும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதும் விடவில்லை. தோட்டத்து மோட்டார் ரூம் நிழலில், மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பா, "புத்தகத்த மூடி வச்சுக்கிட்டு என்னடா படிப்பு?" என்று கேட்டார். நான் இன்னொரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார்.

பரீட்சையில் அதே தேற்றம் வந்திருந்தது. அந்தப் படியும் வந்தது. கை நிற்கவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று போய்க்கொண்டே இருந்தது. இது என் கைதானா என்று மலைத்துப்போய் அதையே பார்த்துக்கொண்டு எழுதினேன்.

ரிசல்ட் வரும் என்று சொன்ன அன்று மாலைதான் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை. தைரியமில்லாமல் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு அதே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டை முதல் முறையாக முழுதாகக் கேட்டேன். அந்த வரி வந்தது. குரல்கள் ஏறின, இறங்கின, தாண்டிப் போய்விட்டன. சபையில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எவ்வளவு கடினமான இடம் என்று பாடியவர்களுக்கும் எனக்கும்தான் தெரியும். கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து போனை உயிர்ப்பித்தேன். பாஸ். உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பாஸாயிட்டேன்ப்பா."

"நல்லதுப்பா" என்றார். நானே கேட்டேன். "தோட்டத்துல ஆளுக்கு என்ன செய்யப் போறீக?"

"அதெல்லாம் தீவாளி முடிஞ்ச கையோட ஆள் பிடிச்சுப் போட்டாச்சு" என்றார். "மோட்டார் ரூம்ல ஒன்னயப் பாத்தேன்ல. கிழிச்சுக் கிழிச்சு எழுதுன. இவன் இனிமே தோட்டத்துக்கு வரமாட்டான்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."