பேர் சொல்லக்கூடாத பொடியும் எஸ்தர் அக்காவும்

ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்கள், எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று. தூக்கத்திலேயே போய்விட்டாராம். "நல்ல சாவு" என்றார் ஒருவர். எனக்குக் கோபம்தான் வந்தது. ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட நிம்மதியாக உட்காரவில்லை அந்த மனுஷி.

வேலூரில் அவருடன் புற்றுநோய் வார்டில் நர்ஸாக வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. தொண்ணூறுகளில் தலையணைக்கடியில் பாட்டிலோ பொட்டலமோ இல்லாத கட்டில் குறைவு. வேப்பிலைச் சாறு, நித்தியகல்யாணிக் கஷாயம், எங்கிருந்தோ வந்த வேர்ப்பொடி. டாக்டர் கேட்டால் மட்டும் "ஒண்ணும் இல்ல சார்." எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அக்காவுக்கு வராது. "உயிர் மேல ஆசை இருக்கறவங்கதான்டி ரெண்டு மருந்து குடிப்பாங்க" என்பார்.

காஞ்சனாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மாதனூர்ப் பெண், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை, மார்பில் புற்று. பாதி கீமோ ஊசிகள் போட்டிருந்த நிலையில் ஒருமுறை கண்ணெல்லாம் மஞ்சளாக வந்து நின்றாள். ஈரல் கெட்டிருக்கிறது, இப்போது ஊசி போட முடியாது என்றார் டாக்டர். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று அவளுடைய அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா இல்லையென்று தலையாட்டினார். நானும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. அதற்கும் தலையாட்டல்தான்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா, மருந்து பேர வெளிய சொல்லக்கூடாதுன்னாரா வைத்தியர்?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொன்னா பலிக்காது சிஸ்டர். சத்தியம் வாங்கிட்டுதான் குடுத்தாரு."

நாங்கள் திட்டுவோம் என்று பயந்துதான் மறைக்கிறார்கள் என நான் நினைத்திருந்தேன். இப்படியொரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ வாயால சொல்லவே வேணாம். எடுத்து என் கையில வைங்க."

மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் வந்தது. "இத நிறுத்தினா எம்பொண்ணு பொழைக்க மாட்டா சிஸ்டர்" என்று அழுதார். அந்தப் பொடியை அக்கா ஒரு வார்த்தை பழிக்கவில்லை. "ரெண்டையும் சேத்து அவ ஈரல் தாங்கலம்மா. ஊசி முடியற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். நான் தூக்கிப் போட மாட்டேன்" என்றார். சொன்னபடியே தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். மஞ்சள் மெல்ல இறங்கியது. மிச்ச ஊசிகளும் முடிந்து, காஞ்சனா மறுபடி கம்பெனி பஸ் ஏறினாள்.

சில வருடங்கள் கழித்து நோய் திரும்பி வந்து அவளைக் கொண்டுபோனது. காரியமெல்லாம் முடிந்தபின் அந்த அம்மா தனியாக வார்டுக்கு வந்தார். அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் குடுத்த பொடியாலதான் எம்பொண்ணு போய்ட்டாளா?"

"இல்லம்மா. நிறுத்தினதும் ஈரல் சரியாய்டுச்சு. ரிப்போர்ட்ட நானே பாத்தேன். நோய் திரும்பி வந்துதான் போய்ட்டா. நீங்க காரணம் இல்ல."

அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தார். பிறகு முகம் கழுவி, நாங்கள் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அக்காவின் பொறுமையை நான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என்னிடம் தங்கியிருப்பது அந்த "இல்லம்மா" ஒன்றுதான். ஆறுதலுக்காக யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லிவிடலாம். அன்று அந்தப் பொட்டலத்தைத் தன் கையில் வாங்கியிருந்ததால்தான், அக்காவால் அதை உண்மையாகச் சொல்ல முடிந்தது.